ரெக்கார்டர் உங்களுடையது, ஷோ அவர்களுடையது: இசைக்குழுவிடம் பதிவுக்குக் காசு கேட்கலாமா?

சனிக்கிழமை இரவு எட்டு மணி. திருவனந்தபுரம் மானவீயம் வீதி. வயலார் ராமவர்மா சிலைக்குக் கொஞ்சம் தள்ளி ஐந்து பேர் கொண்ட ஒரு இசைக்குழு வாசிக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் நீங்கள், ட்ரைபாடில் கேமராவையும் ஒரு சின்ன ரெக்கார்டரையும் வைத்துவிட்டு ஓரமாக நின்று கேட்கிறீர்கள். யாரும் உங்களைக் கூப்பிடவில்லை, பிடித்திருக்கிறது, அதனால் பதிவு செய்கிறீர்கள். வீட்டுக்குப் போய் ஹெட்போனில் போட்டுக் கேட்டால் நன்றாகவே வந்திருக்கிறது. ஒரு பாட்டை மட்டும் வெட்டி குழுவுக்கு அனுப்புகிறீர்கள்.

மறுநாள் கிட்டாரிஸ்ட்டிடமிருந்து வாட்ஸ்அப்: "அண்ணா, சூப்பர்! முழு ஷோவும் கிடைக்குமா? சவுண்ட் கொஞ்சம் சரி பண்ணி, வியாழக்கிழமைக்குள்ள? ஒரு ஃபெஸ்டிவலுக்கு அனுப்பணும்."

காசு கேட்கலாமா என்ற கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. கேட்டால் நட்பு கெடுமோ என்று ஒரு தயக்கம். கேட்காவிட்டால் அடுத்த மூன்று இரவுகள் போச்சு.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை இரவு நீங்களாகச் செய்த பதிவுக்குக் காசு கேட்காதீர்கள். வியாழக்கிழமைக்குள் கேட்ட வேலைக்குக் கட்டாயம் கேளுங்கள். யார் கேட்டு இந்த வேலை நடக்கிறது என்பதுதான் கோடு. பொழுதுபோக்கா தொழிலா, கேமரா விலை என்ன, உங்களுக்கு எத்தனை ஃபாலோயர்ஸ் என்பதெல்லாம் அப்புறம். கொஞ்சம் சுற்றி வளைத்துப் பார்த்தால் நம் காப்புரிமைச் சட்டமும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் கோடு போடுகிறது.

காசுக்கு முன்னால் அனுமதி

1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் 'நிகழ்த்துநர்' என்றால் யார் என்பதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது. நடிகர், பாடகர், இசைக்கலைஞர், நடனக்காரர், கழைக்கூத்தாடி, மாயவித்தைக்காரர், பாம்பாட்டி, சொற்பொழிவாளர் என்று அது போகும். பாம்பாட்டிக்கே உரிமை உண்டு என்னும்போது பேஸ் கிட்டார் வாசிப்பவருக்கு இருக்காதா?

2012-இல் வந்த திருத்தத்தின் 38-ஏ பிரிவு இதைத் தெளிவாக்கியது. ஒரு நிகழ்ச்சியை ஒலியாகவோ காட்சியாகவோ பதிவு செய்வது, நகல் எடுப்பது, பொதுமக்களுக்குக் கொண்டு செல்வது எல்லாமே நிகழ்த்துநரின் உரிமை. அது 50 ஆண்டு நிற்கும். 2025-இல் நடந்த ஷோ என்றால் 2075 முடிய.

அப்படியானால் ட்ரைபாடோடு நின்ற நீங்கள் குற்றவாளியா? இல்லை. 39-ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது: பதிவு செய்பவர் தன் சொந்த உபயோகத்துக்காகப் பதிவு செய்தால் அது உரிமை மீறல் ஆகாது. கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்கும் மட்டும் என்றாலும் அப்படியே. (டிக்கெட் ஷோவிலும் சபாவிலும் 'பதிவு செய்யக் கூடாது' என்று அரங்கம் போடும் நிபந்தனை தனி.) ஆக, ஹெட்போனில் கேட்டவரை நீங்கள் பத்திரம். யூடியூபில் ஏற்றும் பட்டனை அழுத்தும் நொடியில் 'சொந்த உபயோகம்' முடிந்துவிடுகிறது. குழுவின் சம்மதம் வேண்டும்.

இங்கே ஒரு குட்டி உண்மையையும் பேச வேண்டும். "நான் யாரிடமும் காசு வாங்குவதில்லை, இசைக்காகச் செய்கிறேன்" என்று சொல்லும் சிலரின் சேனலில் விளம்பரம் ஓடும். குழுவிடம் வாங்கவில்லை, சரி. குழுவின் ஷோவிலிருந்து வாங்குகிறார்கள் அல்லவா? 38-ஏ பிரிவு, நிகழ்ச்சியை வணிக நோக்கில் பயன்படுத்தினால் நிகழ்த்துநருக்கு ராயல்டி உண்டு என்றும் சொல்கிறது. இலவசம் என்ற பெயரில் நடப்பதில் இதுதான் எனக்கு அதிகம் உறுத்தும் வகை. அதற்கு நேரடியாக ஒரு தொகை கேட்பது எவ்வளவோ நேர்மை.

காசு கைமாறினால் என்ன மாறுகிறது?

காசு வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் தொகையைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். அந்தக் காசோடு சேர்ந்து இன்னொன்றும் கைமாறக்கூடும் என்பது பலருக்குத் தெரியாது: பதிவின் உரிமை.

சட்டத்தின் கணக்கில் நிகழ்ச்சியின் உரிமை வேறு, பதிவின் உரிமை வேறு. பதிவை முன்னெடுத்துப் பொறுப்பேற்றுச் செய்தவர் 'தயாரிப்பாளர்', அவர்தான் பதிவின் முதல் உரிமையாளர். நீங்களாகப் போய், உங்கள் கருவியில், உங்கள் செலவில் செய்த பதிவு உங்களுடையது. (குழுவின் சம்மதமில்லாமல் அதை வெளியிட முடியாது என்பது தனி விஷயம்.)

ஆனால் 17-ஆம் பிரிவின் ஒரு வரம்புரை இதைத் தலைகீழாக்குகிறது. ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், மதிப்புள்ள கைமாறு பெற்றுக்கொண்டு, ஒரு புகைப்படமோ ஓவியமோ 'சினிமாட்டோகிராஃப் ஃபிலிமோ' உருவாக்கப்பட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், கேட்டவரே முதல் உரிமையாளர். கல்யாண போட்டோகிராபரை நினைத்துக்கொள்ளுங்கள், அதே தர்க்கம். சட்டத்தின் மொழியில் நீங்கள் எடுக்கும் வீடியோவும் 'ஃபிலிம்'தான், அதனுடன் வரும் ஒலியும் அதற்குள் அடக்கம்.

இரண்டு நிபந்தனையும் சேர வேண்டும் என்பதைக் கவனியுங்கள்: யாரோ கேட்டிருக்க வேண்டும், கைமாறும் இருக்க வேண்டும். குழு உங்களை அழைத்து, 5,000 ரூபாய் கொடுத்து, ஷோவை வீடியோ எடுக்கச் சொன்னால், எதுவும் எழுதிக்கொள்ளாத பட்சத்தில் அந்த வீடியோ அவர்களுடையது. உங்கள் சேனலில் போட நீங்கள்தான் அவர்களிடம் கேட்க வேண்டும். சும்மா எடுத்தால் உங்களுடையது.

இப்போது இன்னொரு சிக்கல். அந்த வரம்புரையின் பட்டியலில் 'ஒலிப்பதிவு' இல்லை. வீடியோ இல்லாமல் ஆடியோ மட்டும் பதிவு செய்து காசு வாங்கினால் உரிமை தானாகக் குழுவுக்குப் போய்விடாது. அங்கே முன்னெடுத்துப் பொறுப்பேற்றது யார் என்று பார்க்க வேண்டும், அது விவாதத்துக்குரிய விஷயம். காசும் கொடுத்து, உரிமையும் கையில் இல்லை என்று குழு பின்னாளில் கண்டுபிடிக்கலாம். அப்புறம் 'மதிப்புள்ள கைமாறு' என்பது பணமாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஷோ முடிந்து வாங்கிக் கொடுத்த பிரியாணி கைமாறில் சேருமா? வக்கீல்கள் இருவர் கிடைத்தால் ஒரு மாலைப்பொழுது நன்றாகப் போகும்.

தீர்வு எளிது, எழுதிக்கொள்வது. உரிமையை மாற்றிக் கொடுப்பது கையெழுத்துடன் எழுத்தில் இருக்க வேண்டும் என்று 19-ஆம் பிரிவு சொல்கிறது. எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு. எந்தெந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் எமோஜி போட்டுவிட்டு, "நாமெல்லாம் ஃப்ரெண்ட்ஸ்தானே" என்று விட்டால், குழு வளர்ந்து ஒரு லேபிள் வந்து "இந்தப் பதிவு யாருடையது?" என்று கேட்கும் நாளில்தான் பிரச்சினை வெளியே வரும்.

வராது என்று நினைக்காதீர்கள், கேரளாவில் வந்திருக்கிறது. தைக்குடம் பிரிட்ஜ் குழுவின் 'நவரசம்' பாடலை ஒத்திருப்பதாக, 'காந்தாரா' படத்தின் 'வராஹ ரூபம்' பாடல் மீது 2022-இல் வழக்கு வந்தது நினைவிருக்கும். அந்தச் சண்டையில் குழு மட்டும் நீதிமன்றம் போகவில்லை. பாடலின் காப்புரிமை தங்களிடம் இருப்பதாகச் சொல்லி, கப்பா டிவியை நடத்தும் மாத்ருபூமி நிறுவனமும் தனியே போனது. அது இசையமைப்பு பற்றிய வழக்கு, மேடைப் பதிவு பற்றியது அல்ல என்பது சரிதான். இருந்தாலும், வாசித்தவர் ஒருவர், காகிதத்தில் உரிமையாளர் இன்னொருவர் என்பது எவ்வளவு சாதாரணம் என்று அது காட்டியது. பாட்டு ஹிட் ஆகும்வரை யாரும் அந்தக் காகிதத்தைத் தேடுவதில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

தொழில் புத்தி, விடுமா? முதலில் மறுக்க முடியாத எண்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ வேவ் பதிவு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி. மிக்ஸரிலிருந்து 16 சேனலைத் தனித்தனியாக எடுத்தால் மணிக்குச் சுமார் 8.3 ஜிபி. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே வீடியோ என்றால் ஒரு கேமராவுக்கு மணிக்கு 45 ஜிபி. இரண்டு மணி நேர ஷோ, மூன்று கேமரா: 270 ஜிபி. 16 சேனல் ஆடியோவுக்கு 17 ஜிபி. மொத்தம் 287. பேக்கப் ஒரு பிரதி வைத்தால் 574.

இரண்டு மைக் வைத்து ஸ்டீரியோவில் எடுப்பவருக்கு இரண்டு மணி நேர ஷோவுக்கு 2 ஜிபி. அதாவது 'ஷோவைப் பதிவு செய்தேன்' என்று ஒரே வாக்கியத்தைச் சொல்லும் இரண்டு பேரின் வேலை, பேக்கப்பைச் சேர்க்காமலே, சுமார் 140 மடங்கு வித்தியாசப்படலாம். இருவருக்கும் ஒரே விதி எப்படிப் பொருந்தும்?

இனி வருவது அனுமானக் கணக்கு. சந்தை விலை அல்ல. உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். கருவிகள் 1,20,000 ரூபாய், நான்கு ஆண்டு, மாதம் இரண்டு ஷோ என்றால் 96 ஷோ. ஒரு ஷோவுக்குத் தேய்மானம் 1,250. பத்தாயிரம் ரூபாய்க்கு வாங்கிய 4 டிபி டிஸ்க்கில் மேலே சொன்ன அளவில் ஏறக்குறைய ஏழு ஷோ நிற்கும், ஒன்றுக்குச் சுமார் 1,430. ஆட்டோ, டீ 300. கைச்செலவு மட்டும் கிட்டத்தட்ட 3,000. மைக் கட்டுவதிலிருந்து எடிட் முடித்து ஏற்றும்வரை 16 மணி நேரம் என்று வைத்து, மணிக்கு 200 ரூபாய் போட்டால் கூலி 3,200. ஆக 6,200.

இப்போது மேடைப் பக்கம் வாருங்கள். ஐந்து பேர் குழுவுக்கு ஒரு கஃபே 15,000 கொடுக்கிறது என்று வைப்போம். வண்டி 4,000, பயிற்சி அறை 2,000 போக 9,000. தலைக்கு 1,800. உங்களுக்கு 6,200 கொடுத்தால் தலைக்கு 560. டிரம்மர் ஒரு ஜோடி குச்சி வாங்கினால் பாதி காலி. கைச்செலவு 3,000 மட்டும் கொடுத்தால் தலைக்கு 1,200 மிஞ்சும்.

இதனால்தான் 'எப்போதும் முழுக் கூலி வாங்கு' என்ற அறிவுரை எனக்கு ஒத்துவருவதில்லை. சின்ன மேடையில் அந்தக் காசு இல்லை. அதற்காக உங்கள் மூன்று இரவுகளுக்கு மதிப்பே இல்லை என்றும் ஆகாது. நடுவில் இருக்கும் 'செலவைப் பகிர்தல்' பற்றி ஏனோ யாரும் பேசுவதில்லை.

சும்மா எடுத்தவர்களால் பிழைத்த இசை

மறுபக்கம் ஒன்று இருக்கிறது, அதற்கு நான் கொஞ்சம் சாய்வு. 1968-இல் மறைந்த மதுரை மணி ஐயரை இன்று நாம் கேட்பது பெரும்பாலும் கச்சேரிப் பதிவுகள் வழியாகத்தான். யாரோ சில ரசிகர்கள் ஸ்பூல் டேப்பைத் தூக்கிக்கொண்டு போய், வீட்டு அலமாரியில் வைத்து, நண்பர்களுக்கு நகல் எடுத்துக் கொடுத்ததன் மிச்சம் அது. 'சங்கீதப்ரியா' போன்ற லாப நோக்கில்லாத இணையத் தொகுப்பு அந்த வழக்கத்தின் தொடர்ச்சி. கடையில் விற்ற பதிவுகளை அங்கே ஏற்றுவதில்லை.

அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் குழு இதையே ஒரு ஏற்பாடாக்கியது. கூட்டத்தில் பதிவு செய்பவர்களின் மைக் காடு சவுண்ட் இன்ஜினியரின் பார்வையை மறைக்க, 1984 அக்டோபரில் அவர்களுக்கென்றே தனிப் பகுதி ஒதுக்கியது. நிபந்தனை ஒன்றுதான்: பதிவை மாற்றிக்கொள்ளலாம், விற்கக் கூடாது. டேப் வழியாகப் பரவிய இசை அடுத்த ஊர் ஷோவுக்குக் கூட்டத்தைக் கொண்டுவந்தது.

திருவனந்தபுரத்தின் சொந்த உதாரணம் அவியல். 2003-இல் உருவான குழு, முதல் ஆல்பம் 2008-இல். நடுவில் ஐந்து ஆண்டு. ஒரு குழு தன் குரலைத் தேடிக் கண்டுபிடிக்கும் காலம் பெரும்பாலும் அந்த இடைவெளிதான். ஸ்டுடியோவுக்குக் காசு இருக்காது, லேபிள் வந்திருக்காது. அந்த மாலைகளில் யாராவது ரெக்கார்டரோடு நின்றால் உண்டு, இல்லையென்றால் இல்லை. முன்பணம் கேட்டிருந்தால் பல குழுக்களுக்கு அந்தப் பதிவே இருந்திருக்காது.

இதை அப்படியே 'ஆகவே எல்லாம் இலவசம்' என்று நீட்டினால் அடிபடுவது வேறொருவர். உங்கள் ஊரில் இதையே பிழைப்பாக வைத்திருக்கும் சவுண்ட் இன்ஜினியர். உங்களுக்கு மாதச் சம்பளம் இருக்கிறது. அவருக்கு இந்த ஷோதான் வாடகை. குழு கேட்டு, கெடு வைத்து, ஃபெஸ்டிவலுக்கு அனுப்பும் தரத்தில் நீங்கள் இலவசமாகச் செய்து கொடுத்தால், அடுத்த மாதம் அவர் விலை சொல்லும்போது கிடைக்கும் பதில் என்னவென்று தெரியுமே: "அந்த அண்ணன் சும்மாவே பண்றாரே!" மணி ஐயரைப் பதிவு செய்த ரசிகர்கள் யாருடைய வேலையையும் பறிக்கவில்லை. அவர்கள் செய்தது யாரும் செய்யாத வேலை. உங்கள் வியாழக்கிழமை வேலை அப்படிப்பட்டது இல்லை.

கவர் பாட்டு என்றால்?

குதிரமாளிகையில் ஆண்டுதோறும் ஜனவரி 4 முதல் 13 வரை சுவாதி சங்கீதோத்சவம் நடக்கும். முழுக்கச் சுவாதித் திருநாளின் கிருதிகள். 1846-இல் மறைந்தவர், ஆகவே இசையமைப்புக்குக் காப்புரிமை இல்லை. பாடுபவர்களின் சம்மதம் கிடைத்தால் பதிவில் வேறு தலைவலி கிடையாது.

மானவீயத்தில் அதே இரவு ஒரு குழு இளையராஜா பாட்டை வாசித்தால் மூன்றாவதாக ஒருவர் அறைக்குள் வந்துவிடுகிறார். 2017 மார்ச்சில் எஸ்.பி.பி.க்கும் சித்ராவுக்கும் வக்கீல் நோட்டீஸ் போன கதை நமக்குத் தெரியும். குழு சம்மதித்தாலும் அந்த வீடியோவை வெளியிடக் குழுவின் சம்மதம் மட்டும் போதாது. காசு வாங்கினால் ஆபத்து கூடும். காப்புரிமை மீறலுக்கு 63-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். மீறல் வணிக லாபத்துக்காகச் செய்யப்படவில்லை என்றால் மட்டுமே, காரணம் பதிவு செய்து, நீதிமன்றம் அதற்குக் கீழே இறங்க முடியும். கவர் பாட்டைப் பதிவு செய்து குழுவிடம் கொடுங்கள், வெளியிடும் பொறுப்பு யாருடையது என்பதை எழுத்தில் வையுங்கள்.

அலுவலகம் என்ன சொல்லும்?

இது உங்களுக்கான விசேஷப் பிரச்சினை. 2022-இல் போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்ததாக 300 பேரை விப்ரோ நீக்கியபோது 'மூன்லைட்டிங்' என்ற சொல் எல்லார் வீட்டுக்கும் வந்தது. ஷோ பதிவு எந்த ஐடி நிறுவனத்துக்கும் போட்டி இல்லைதான். ஆனால் பல வேலை ஒப்பந்தங்கள் போட்டியா இல்லையா என்று பார்ப்பதில்லை. சம்பளம் தரும் வேறு எந்த வேலைக்கும் முன் அனுமதி கேட்கச் சொல்கின்றன. உங்கள் ஆஃபர் லெட்டரை ஒரு முறை எடுத்துப் படியுங்கள். இன்ஸ்டாவில் விலைப்பட்டியல் போடுவதற்கு முன் படிப்பது நல்லது. வரும் தொகை சிறியதானாலும் வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டியதுதான். செலவைப் பகிர்வதாக வாங்கும்போது ரசீதுகளை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் கிட்டாரிஸ்ட்டுக்கு என்ன பதில்?

நானாக இருந்தால் சனிக்கிழமை எடுத்ததை எடுத்தபடியே, எடிட் செய்யாமல், சும்மா அனுப்பிவிடுவேன். கூடவே இப்படி ஒரு செய்தி: "தம்பி, முழு ஷோவும் இதோ. இதுக்குக் காசு வேண்டாம். மிக்ஸ் பண்ணி வியாழனுக்குள்ள வேணும்னா இவ்வளவு ஆகும். இப்போ கஷ்டம்னா டிஸ்க் செலவு மட்டும் கொடுங்க, ஆனா அடுத்த வாரம்தான் முடியும். இல்லேன்னா எனக்குத் தெரிஞ்ச சவுண்ட் இன்ஜினியர் ஒருத்தர் இருக்கார், ஃபைலை அவருக்கே அனுப்பிடறேன்."

ஆமாம் என்று பதில் வந்தால் அரைப் பக்கக் காகிதம் ஒன்று. எந்த ஷோ, என்ன தேதி. வீடியோ யாருடையது, ஆடியோ யாருடையது. இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். உங்கள் சேனலில் போடலாமா, விளம்பரம் ஓடலாமா, ஓடினால் பங்கு என்ன. எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு. குழு உடைந்தால் யாரைக் கேட்பது. கடைசி வரியைப் பார்த்து அவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஐந்து பேரும் கையெழுத்துப் போடட்டும். நிகழ்த்துநர் உரிமை குழுவின் பெயருக்கு இல்லை, வாசித்த ஒவ்வொருவருக்கும் உண்டு. அன்றைக்கு மட்டும் வந்து தபலா வாசித்துவிட்டுப் போன ஆறாவது ஆள் இருந்தால், அவரையும் தேடிப் பிடியுங்கள்.